போலோ 1.0 டிஎஸ்ஐ: ஃபில்டர், எக்ஸாஸ்ட் மாற்றியாச்சு. ரீமேப் பண்ணலாமா, வேண்டாமா?

சரவணம்பட்டி_110:

வணக்கம். வண்டி 2021 ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), ஆறு கியர் மேனுவல், 62,000 கி.மீ. கம்பெனி வாரண்டி முடிந்துவிட்டது. இதுவரை மாற்றியவை: திறந்த கூம்பு வகை ஏர் ஃபில்டர், கேட்டுக்குப் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர்) பின்னால் உள்ள எக்ஸாஸ்ட் முழுவதும், ரெசொனேட்டர் (சத்தம் குறைக்கும் பகுதி) இல்லாமல். டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும், கேட் உள்ள குழாய்) இன்னும் ஒரிஜினல்தான். கேட்டை எடுத்துவிட்டு இரண்டரை அங்குலக் குழாய் போடலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

எக்ஸாஸ்ட் போட்ட கடையில், "இத்தனை மாற்றிவிட்டு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது) பண்ணாமல் ஓட்டினால் இன்ஜின் லீனாக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடும், சீக்கிரம் போய்விடும்" என்கிறார்கள். ஸ்டேஜ் 1 என்ற முதல் கட்ட ரீமேப்புக்கு 35,000 ரூபாய் கேட்கிறார்கள். 135 பிஎஸ், 230 நியூட்டன் மீட்டர் வரும் என்று வாக்கு. இன்னொரு இடத்தில் 18,000 ரூபாய்க்குப் பிக்கிபேக் பாக்ஸ் (சென்சர் வயரின் நடுவே செருகும் பெட்டி) தருகிறார்கள். அன்றாட ஓட்டம் கோவைக்குள், மாதம் ஒரு முறை ஊட்டி அல்லது சென்னை. பெட்ரோல் சாதாரண பங்க் பெட்ரோல்தான்.

கேள்வி இரண்டு. நான் செய்த மாற்றங்களுக்கு ரீமேப் கட்டாயமா? கட்டாயம் இல்லையென்றால், பண்ணுவதில் லாபம் உண்டா?

---

மூணு_சிலிண்டர்:

முதல் கேள்விக்கு நேரான பதில்: கட்டாயம் இல்லை. கடைக்காரர் சொன்னது இந்த இன்ஜினுக்குப் பொருந்தாது.

ஃபில்டர் மாற்றினால் லீனாகும் என்ற பேச்சு, மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் (உள்ளே போகும் காற்றை நேராக அளப்பது) உள்ள வண்டிகளிலிருந்து வந்தது. அங்கே சென்சர் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டம் மாறினால் காற்றின் கணக்கே தப்பும். உங்கள் இஏ211 இன்ஜினில் அந்த சென்சரே கிடையாது. இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தம், வெப்பநிலை இரண்டையும் வைத்துத்தான் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) காற்றைக் கணக்கிடுகிறது. ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் சுலபமாகக் காற்று வந்தால், குறித்த பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தம்) எட்ட டர்போ சற்றே குறைவாக உழைக்கும். அவ்வளவுதான். குறித்த பூஸ்ட் எவ்வளவு என்பது மென்பொருளில் எழுதியிருக்கிறது, ஃபில்டர் அதை மாற்றாது. கேட்டுக்குப் பின்னால் செய்த எக்ஸாஸ்ட் மாற்றத்துக்கும் இதே கதைதான். சத்தம் கூடியிருக்கும், டார்க் (இழுவிசை) கூடியிருக்காது.

திறந்த கூம்பு ஃபில்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் அது இழுக்கும். டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்றால் ஒரிஜினல் பெட்டியை விட நிலைமை மோசம். முன்பக்கத்திலிருந்து காற்று வரும் ஒரிஜினல் பெட்டிக்குள் நல்ல பேனல் ஃபில்டர் போடுவது இந்த வண்டிக்குப் போதும். ரீமேப் செய்வதாக இருந்தால் முதலில் இதைத் திருப்பிப் போடுங்கள்.

டவுன்பைப் வேறு விஷயம். கேட்டை எடுத்தால் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சர் அதைக் கண்டுபிடித்து செக் இன்ஜின் விளக்கைப் போடும். பி0420 என்று கோடு வரும். அப்போது அந்தக் கண்காணிப்பை மென்பொருளில் அணைக்கச் சொல்வார்கள். அந்த வழியில் இறங்கினால்தான் ரீமேப் "கட்டாயம்" ஆகிறது, அதுவும் ஒரு தப்பை மறைப்பதற்காக. என் அபிப்பிராயம்: 1.0 லிட்டர் வண்டிக்கு அந்தக் குழாய் தேவையே இல்லை.

---

டார்க்ஸ்_டி30:

மேலே சொன்னது சரி. இரண்டாவது கேள்விக்கு வருவோம். லாபம் உண்டா என்பதை வண்டியின் இப்போதைய நிலைமைதான் சொல்லும். கம்பெனி மென்பொருள் ஒரு பாதுகாப்பு இடைவெளியை விட்டுவைத்திருக்கிறது. ரீமேப் என்பது அந்த இடைவெளியைச் செலவழிப்பது. 62,000 கி.மீ. ஓடிய இன்ஜினில் அது மீதி இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் என்ற ஸ்கேன் கருவி வைத்து லாக் (சென்சர் அளவுகளின் பதிவு) எடுங்கள். பார்க்க வேண்டியவை: மூன்று சிலிண்டருக்கும் தனித்தனியாக நாக் ரிடார்டு (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும்போது, அதாவது நாக் ஆகும்போது, ஈசியூ ஸ்பார்க்கைப் பின்தள்ளும் அளவு), குறித்த பூஸ்டும் உண்மையான பூஸ்டும், இன்டர்கூலருக்குப் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) பின் காற்றின் வெப்பநிலை, ஃப்யூல் ரெயில் அழுத்தம் குறித்ததும் உண்மையானதும், லாம்ப்டா (காற்று-பெட்ரோல் விகிதம்), குறுகிய கால, நீண்ட கால ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்), மிஸ்ஃபயர் (எரியத் தவறியது) எண்ணிக்கை. ஒரே கியரில் 2,000 ஆர்பிஎம்மில் தொடங்கி 6,000 வரை முழு ஆக்சிலரேட்டர். இதை ரோட்டில் செய்ய வேண்டாம், மூன்றாவது கியரிலேயே வேகம் நூறைத் தாண்டிவிடும். டைனோவில் (வண்டியை நின்ற இடத்தில் ஓட்டிப் பவர் அளக்கும் மேடை) ஒரு மணி நேர வாடகை கொடுத்து எடுங்கள். இல்லையென்றால் செட்டிப்பாளையம் காரி டிராக்கில் பொதுமக்களுக்கு நாள் விடும்போது எடுங்கள்.

லாக் எடுக்கும்முன் தண்ணீர் இன்டர்கூலரையும் பாருங்கள். இந்த இன்ஜினில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது, தனி கூலன்ட் சுற்றும் தனி எலக்ட்ரிக் பம்பும் உண்டு. அந்தப் பம்ப் பலவீனமானாலோ, சுற்றில் காற்று அடைத்திருந்தாலோ எந்த விளக்கும் எரியாது. காற்றின் வெப்பநிலை மட்டும் மெதுவாக ஏறும், ஈசியூ டைமிங்கைப் (ஸ்பார்க் வரும் நேரம்) பின்வாங்கும், "வெயில் காலத்தில் வண்டி இழுக்கவில்லை" என்று ஓட்டுபவர் நினைப்பார். ரீமேப் கேட்டு வரும் வண்டிகளில் பாதிக்கு வேண்டியது இந்த மாதிரி பராமரிப்புதான்.

கிளட்ச் சோதனை: ஐந்தாவது கியர், 2,000 ஆர்பிஎம், காலியான நேர் ரோட்டில் முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் 200, 300 தாவினால் கிளட்ச் முடிந்தது. அப்படியானால் ரீமேப் பேச்சையே விடுங்கள்.

---

சோழவரம்_லேப்:

இவ்வளவு குழப்பம் எதற்கு? பிக்கிபேக் பாக்ஸ் வாங்கிப் போடுங்க. பத்து நிமிஷ வேலை, சர்வீசுக்குப் போகும்போது கழற்றிடலாம், ஈசியூவில் கை வைக்கவே வேண்டாம்.

---

மூணு_சிலிண்டர்:

@சோழவரம்_லேப் கழற்றுவது சுலபம்தான், மறுக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள் ஜி. பாக்ஸ், பூஸ்ட் சென்சரின் சிக்னலை நடுவில் பிடித்து, உண்மையை விடக் குறைத்துச் சொல்கிறது. ஈசியூ "பூஸ்ட் போதவில்லை" என்று நம்பி வேஸ்ட்கேட்டை (டர்போவுக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு) இன்னும் மூடுகிறது. காற்று அதிகம் போகிறது. ஆனால் காற்றைக் கணக்கிடுவதும் இதே சென்சர்களின் பேச்சை வைத்துத்தானே? எனவே ஈசியூ தன் கணக்கில் குறைந்த லோடு என்று எண்ணி, அந்தக் குறைந்த லோடுக்கு உரிய இக்னிஷன் டைமிங்கைக் கொடுக்கிறது. உண்மையான லோடுக்கு அது அதிக அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க் தேவைக்கு முன்பே வருகிறது. பெட்ரோல் பற்றாக்குறையை லாம்ப்டா சென்சர் பார்த்துச் சரிசெய்துவிடும். டைமிங்கைச் சரிசெய்ய இருப்பது நாக் சென்சர் மட்டுமே, அதாவது நாக் நடந்த பிறகுதான் காப்பாற்றும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் இதே சுற்று.

ஒழுங்கான ரீமேப்பில் பூஸ்ட், டைமிங், லாம்ப்டா இலக்கு, டார்க் வரம்பு எல்லாம் ஒன்றையொன்று அறிந்து மாறும். 17,000 ரூபாய் வித்தியாசம் அதற்குத்தான்.

பெடல் பாக்ஸ் என்று ஒன்றும் விற்கிறார்கள். முப்பது சதவீதம் மிதித்தால் அறுபது என்று சொல்லும். பவர் ஒரு பிஎஸ் கூடக் கூடாது. சில மட்டமான ரீமேப்பிலும் பாதி "வித்தியாசம்" இந்தப் பெடல் விளையாட்டுதான், முழுதாக மிதித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

---

சரவணம்பட்டி_110:

நன்றி. ஒரிஜினல் ஃபில்டர் பெட்டியைத் திரும்பப் போட்டு டைனோவில் லாக் எடுத்தேன். சுருக்கமாக:

நாக் ரிடார்டு அதிகபட்சம்: சிலிண்டர் 1ல் 1.1 டிகிரி, 2ல் 4.5, 3ல் 1.4.
நீண்ட கால ட்ரிம்: ஐடிலில் +5.5 சதவீதம், ஓட்டத்தில் +6.
பூஸ்ட்: 4,500 வரை குறித்தபடி, அதன்பின் சுமார் 100 மில்லிபார் குறைவு.
காற்றின் வெப்பநிலை: தொடக்கத்தில் 44 டிகிரி, முடிவில் 59. வெளியே 34.
ரெயில் அழுத்தம் இலக்கோடு ஒட்டியே போகிறது. மிஸ்ஃபயர் இல்லை. கிளட்ச் வழுக்கவில்லை.

ட்ரிம் +6 என்பதுதான் லீன் என்கிறார்களா?

---

டார்க்ஸ்_டி30:

நல்ல லாக். ஒவ்வொன்றாக.

ட்ரிம்மைப் பற்றிக் கவலை வேண்டாம், அதில் பெரும்பகுதி எத்தனால். இ10 (பத்து சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் சுமார் 14.1, இ20க்குச் சுமார் 13.5. இ10ஐ மனதில் வைத்துச் செய்த கணக்கில் இ20 ஊற்றினால், ஈசியூ நாலு, நாலரை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டாக வேண்டும். மீதி ஒன்றரை சதவீதம் யாருக்கும் இருக்கும். ஐடிலிலும் ஓட்டத்திலும் ட்ரிம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும் இதையே காட்டுகிறது. த்ராட்டிலுக்குப் பின்னால் காற்று ஒழுகினால் ஐடிலில் +10, +12 என்று ஏறி, ஓட்டத்தில் இறங்கியிருக்கும்.

பூஸ்ட் குறைவு வேறு. டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள குழாயில் ஒழுகினால் ட்ரிம்மில் தெரியாது, ஏனென்றால் அளப்பது அதற்குப் பின்னால். டர்போ மட்டும் அதிகமாகச் சுற்றிச் சூடாகும். ஃபில்டர் மாற்றியபோது இந்தக் குழாயைக் கழற்றினார்களா? ஓ-ரிங் மடங்கியிருக்கலாம், கிளாம்ப் சரியாக உட்காராமல் இருக்கலாம். புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள், வெறும் புகை போதாது, ரெகுலேட்டர் வைத்து 0.7 பார் அழுத்தத்தில். ஐடிலில் ஒழுகாத இடம் அந்த அழுத்தத்தில்தான் சீறும். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டரைப் பாருங்கள். இந்த டர்போவில் அது எலக்ட்ரிக் வகை, கம்பியில் ஆட்டம் வந்தால் கதவு முழுதாக மூடாது.

எனக்குப் பிடிக்காதது இரண்டாவது சிலிண்டரின் 4.5 டிகிரி. மூன்றும் சேர்ந்து மூன்று, நாலு டிகிரி பின்வாங்கினால் பெட்ரோல் அல்லது வெப்பம் காரணம். ஒன்று மட்டும் தனியாக வாங்கினால் அந்தச் சிலிண்டரில்தான் ஏதோ இருக்கிறது. இரண்டாவதின் பிளக்கையும் காயிலையும் மூன்றாவதோடு மாற்றிப் போட்டு மறுபடி லாக் எடுங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் பிளக் செட் மாற்றிவிடுங்கள். நகரவில்லை என்றால் போரோஸ்கோப் விட்டுப் பிஸ்டன் தலையையும் இன்டேக் வால்வின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் வால்வைப் பெட்ரோல் கழுவாது, 60,000 தாண்டினால் கரி பிடிப்பது சகஜம். வால்நட் தூள் அடித்துத்தான் எடுக்க வேண்டும், டேங்கில் ஊற்றும் திரவம் அந்த இடத்துக்குப் போகவே போகாது.

இது தீரும்வரை எந்த டியூனரின் ஃபைலையும் (ரீமேப் மென்பொருள்) ஏற்றாதீர்கள். இருக்கும் பூஸ்டிலேயே 4.5 வாங்கும் சிலிண்டர், பூஸ்ட் கூடினால் எட்டு, ஒன்பது வாங்கும். அப்போது 35,000 கொடுத்துக் கிடைத்த பவரை நாக் கன்ட்ரோல் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

---

காரி_பிட்லேன்:

கோளாறு சரியான பிறகு என்ன கேட்டு வாங்குவது என்று சொல்கிறேன், ஏனென்றால் "ஸ்டேஜ் 1" என்பது ஒரு பெயர்தான், உள்ளே என்ன இருக்கிறது என்பது எழுதியவர் கையில்.

230 நியூட்டன் மீட்டரை வாங்காதீர்கள். உங்கள் கியர்பாக்ஸ் எம்க்யூ200 வகை. பெயரில் இருக்கும் 200, அது தாங்க வடிவமைத்த டார்க் அளவைக் குறிப்பது. ஒரு நாளில் உடையாது. ஆனால் 1,800 ஆர்பிஎம்மில் 230 வந்து அடித்தால் முதலில் கிளட்ச், பிறகு கியர்பாக்ஸ் பேரிங். கம்பெனி கொடுத்திருப்பது 1,750 முதல் 4,000 வரை தட்டையாக 175.

நல்ல வழி, கீழே அடக்கி மேலே நீட்டுவது. பிஎஸ் கணக்கு இப்படி: டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023ஆல் வகுக்க வேண்டும். கம்பெனி 110 பிஎஸ் என்பது 5,000 ஆர்பிஎம்மில் 154 நியூட்டன் மீட்டர்தான், அதாவது மேலே போகப் போக டார்க்கைக் குறைத்துவிடுகிறார்கள். அதே 5,000ல் 185 தாங்கினால் 132 பிஎஸ் ஆகிவிடும், உச்ச டார்க் 200ஐத் தாண்டாமலேயே. டியூனரிடம் சொல்லுங்கள்: 2,200க்குக் கீழே ஒரிஜினல் அளவு, 2,200 முதல் 4,500 வரை 200க்கு மேல் வேண்டாம், 5,500க்கு மேல் பூஸ்டை இறக்கு. சின்ன டர்போ, அதற்கு மேல் ஊதுவது வெறும் சூடான காற்று.

கீழே அடக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், குறைந்த ஆர்பிஎம் முன்-எரிதல். 1,500ல் ஐந்தாவது கியரில் முழுதாக மிதிக்கும்போது, சிலிண்டரில் இருக்கும் ஆயில் துளி பிளக்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் வருவதற்கு முன்பே நடப்பதால் டைமிங்கைப் பின்வாங்கிப் பயனில்லை. பிஸ்டன் ரிங் மேடை உடைவது இப்படித்தான். ஆயில் ஃபோக்ஸ்வேகனின் 502.00 தரத்தில், ஏபிஐ எஸ்பி என்று டப்பாவில் இருப்பதாக வாங்குங்கள். எஸ்பி தரத்தில் இந்தக் கோளாறுக்கென்றே சோதனை உண்டு. மாற்றும் இடைவெளியை 7,500 கி.மீ. ஆக்குங்கள்.

பெட்ரோல்: உங்களுக்கு எங்கேயும் கிடைப்பது எதுவோ அதற்குத்தான் ஃபைல் எழுத வேண்டும். இன்று அது இ20. ஆக்டேன் தரம் 95 என்பதால் நாக் விஷயத்தில் பழைய 91ஐ விடப் பரவாயில்லை. 100 ஆக்டேனுக்கு எழுதிக் கொடுத்தால் லிட்டருக்குச் சாதாரணத்தை விட மிக அதிகமாகக் கொடுக்க வேண்டும், ஊட்டி மலையில் அது கிடைக்காத பங்கில் சாதாரணத்தை ஊற்றும் நாளில் வண்டி நாக் செய்துகொண்டே ஏறும். பெட்ரோல் மூடியின் உட்புற ஸ்டிக்கரில் எத்தனால் அளவு என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ரப்பர் குழாய், சீல் விஷயத்தை எந்த ரீமேப்பும் சரிசெய்யாது.

டியூனரைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை: "முன்னும் பின்னும் ஒரே டைனோ, ஒரே நாள், ஒரே கரெக்‌ஷன், லாக் ஃபைலும் என் கையில் தர வேண்டும்" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் ஃபைலின் பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும். ஃபைல் ஏற்றும்போது பேட்டரிக்கு நிலையான பவர் சப்ளை, 13.5 வோல்ட் பக்கம், கட்டாயம். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ எழுந்திருக்காது, பெஞ்சில் வைத்துத்தான் மீட்க வேண்டும்.

---

ஃபைல்_நம்பர்:

சட்டப் பக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4)ன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரோட்டில் நிறுத்துபவர் கண்ணுக்கு ஈசியூ தெரியாது, ரெசொனேட்டர் இல்லாத எக்ஸாஸ்ட் காதுக்குத் தெரியும். கேட்டை எடுத்தால் புகைச் சான்றிதழிலும் மாட்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சொல்லாத மாற்றம், பெரிய கிளெய்மில் சர்வேயர் கையில் ஆயுதம். ஒரிஜினல் ஃபைலைத் திருப்பி ஏற்றிவிட்டால் தெரியாது என்று நம்ப வேண்டாம். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை ஈசியூவில் நிற்கும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் சர்வீஸ் கருவி, மாற்றிய மென்பொருளைக் கண்டால் டிடி1 என்று குறிப்பு போடும். இன்னொன்று: சர்வீஸ் சென்டரில் மென்பொருள் அப்டேட் போட்டால் உங்கள் ரீமேப் அழிந்துவிடும். ஜாப் கார்டில் "கேட்காமல் ஈசியூ அப்டேட் செய்ய வேண்டாம்" என்று எழுதச் சொல்லுங்கள்.

---

சரவணம்பட்டி_110:

பிளக், காயிலை மாற்றிப் போட்டு மறுபடி லாக் எடுத்தேன். கோளாறு மூன்றாவது சிலிண்டருக்கு நகர்ந்துவிட்டது, இப்போது அதில் 4.2, இரண்டாவதில் 1.3. புகைச் சோதனையில் டர்போவிலிருந்து வரும் குழாயின் ஓ-ரிங் வெட்டுப்பட்டிருப்பது தெரிந்தது. டவுன்பைப் யோசனையை விட்டாச்சு. புது பிளக் வாங்கும்போதே குளிரான (வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும்) வகையாகப் போட்டுவிடலாமா? கேப் (பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) எவ்வளவு?

---

டார்க்ஸ்_டி30:

அருமை. காயிலையும் சேர்த்து நகர்த்தியிருப்பதால், பிளக் மாற்றிய பிறகும் மூன்றாவதிலேயே நின்றால் காயில்தான்.

கம்பெனி ஃபைலோடு ஓட்டும்வரை கம்பெனி வெப்ப எண்ணே போதும். நகர டிராஃபிக்கில் குளிரான பிளக் சூடாகாமல் கரி பிடிக்கும். 200 நியூட்டன் மீட்டர் ஃபைல் ஏற்றினால் ஒரு படி குளிரானது, கேப் 0.65 மி.மீ. என்ஜிகேயில் எண் கூடினால் குளிர், போஷில் எண் குறைந்தால் குளிர், கடைப் பையன் மாற்றித் தந்துவிடுவான், பார்த்து வாங்குங்கள். இரிடியம் முனை ஊசி மாதிரி இருக்கும், கேப் சரிசெய்யும்போது நடு முனையை நெம்பாமல் மேல் வளைவை மட்டும் அழுத்துங்கள். கம்பி கேஜ் வைத்து அளங்கள், நாணய வடிவ கேஜைச் செருகித் தள்ளினால் முனை உடையும்.

ஓ-ரிங், பிளக் இரண்டும் மாற்றிய பிறகு 500 கி.மீ. ஓட்டி, அதே டைனோவில் அதே லாக்கை எடுங்கள். மூன்று சிலிண்டரும் 2 டிகிரிக்குள் வந்து, பூஸ்ட் குறித்தபடி 6,000 வரை நின்றால் டியூனரிடம் பேசலாம். அந்த லாக்கைப் பார்த்த பிறகு ரீமேப் ஆசையே குறைந்தாலும் ஆச்சரியமில்லை, 4,500க்கு மேல் இத்தனை நாள் காணாமல் போன இழுவை அந்த ஓ-ரிங்கில்தான் இருந்தது.